ஒற்றை ரேகையும் ஒரு சமூகத்தின் பெயரும்

எச். வினோத் இயக்கத்தில் கார்த்தி நடித்து 2017 நவம்பரில் வெளியான ‘தீரன் அதிகாரம் ஒன்று’, 1990களின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் தமிழக நெடுஞ்சாலையோர வீடுகளில் இரவில் புகுந்து, இருப்போரை அடித்துக் கொன்று நகைகளை அள்ளிச் சென்ற வடநாட்டுக் கும்பலைத் தேடிய உண்மை வேட்டையை அடிப்படையாகக் கொண்டது. 2005 ஜனவரி 9 அன்று கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் கே. சுதர்சனம் தானாகுளத்தில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வடமாநிலங்களுக்குச் சென்று கும்பலைப் பிடித்தது. அவர் பின்னாளில் பம்மல், தாம்பரம் பகுதிகளை உள்ளடக்கிய சென்னை புறநகர்க் காவல் ஆணையராகவும் இருந்தார். காலி மனைகளுக்கு நடுவே தனித்து நிற்கும் வீட்டில் இரவைக் கழித்த புறநகர்வாசிகளுக்குப் படத்தின் அச்சம் புதிதன்று.

இப்படத்தின் உயிர் துப்பாக்கியில் இல்லை, விரல் ரேகையில் இருக்கிறது. கொள்ளை நடந்த வீட்டில், பீரோக் கதவின் மீது மெல்லிய தூரிகையால் பொடியைத் தூவினால், கண்ணுக்குத் தெரியாத வியர்வைக் கோடுகளில் அது ஒட்டிக்கொண்டு, வில்லாகவோ வளையமாகவோ சுழியாகவோ ஒரு ரேகை எழும். ஆனால் 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைக் கூடம் நிறுவப்பட்ட காலம் தொட்டு வழங்கிய ஹென்றி முறை, பத்து விரல்களின் ரேகைகளையும் சேர்த்தே பதிவேடுகளை வகைப்படுத்தியது. எனவே சம்பவ இடத்தில் கிடைக்கும் ஒற்றை ரேகைக்கு உரியவரை அதில் தேடுவது மிகக் கடினம், கணினி வழித் தேடல் பரவுவதற்கு முன்பு உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஒவ்வொரு தாளாக ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி அரிது. மாநிலம் விட்டு மாநிலம் ரேகைகளைச் சுமந்து அலையும் நாயகன் தீரனின் பிடிவாதத்தை இதை அறிந்து பார்க்கும்போதுதான் உணர முடியும். அந்தச் சலிப்பூட்டும் உழைப்பையே விறுவிறுப்பாக்கியது வினோத்தின் பெரும் வெற்றி.

எனினும், குற்றவாளிகளைத் தேடும் படம் ஓரிடத்தில் அவர்கள் பிறந்த பவாரியா சமூகத்தையே குற்றத்தின் ஊற்றாகக் காட்டிவிடுகிறது, அது பெரும் பிழை. பிறப்பாலேயே ஒருவரைக் குற்றவாளியாகக் கருதி, ஊரைவிட்டு வெளியேறவும் காவல்துறையின் அனுமதி கோர வைத்த 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் அச்சமூகத்தையும் தன் பட்டியலில் வைத்திருந்தது. அதே சட்டம் தமிழ்நாட்டுக்கும் வந்தது; கட்டாய ரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். ஒரு வழக்கில் கொலையாளியைக் காட்டிக்கொடுத்த ரேகை, இன்னொரு காலத்தில் குற்றமற்றவர்களின் கைவிலங்காக இருந்திருக்கிறது.

சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. அதன் பிடியிலிருந்த சமூகங்கள் இன்று சீர்மரபினர் என்று அழைக்கப்படுகின்றன.