குறுஞ்செய்தியில் தமிழெழுத்தின் அளவு

கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்று 1,120 பிட் அளவினது. இவ்வரையறை, 1982-இல் ஐரோப்பாவில் அமைக்கப்பெற்ற ஜி.எஸ்.எம். குழுவின் பணியினின்றும் பிறந்தது. 1988-இல் தோன்றிய ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை நிறுவனம் அப்பணியை ஏற்று வளர்த்தது. 1998-இல் தோன்றிய 3ஜிபிபி என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பு இப்பொழுது அதனைப் பேணி வருகின்றது.

இலத்தீன் எழுத்தொன்றற்கு 7 பிட் போதுமாகலின், ஒரு செய்தியில் 160 எழுத்துகள் அடங்கும். அவ்வெழுத்துப் பட்டியலில் தமிழுக்கு இடமில்லை. ஆதலால் தமிழ்க்குறி ஒன்றற்கு 16 பிட் செலவாகி, 70 குறிகளே கொள்ளும். மிகுமாயின் செய்தி பலவாகப் பிரியும்; கட்டணமும் அதற்கேற்பப் பெருகலாம்.

குறி வேறு, எழுத்து வேறு என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. பொறிக்கோ ஐந்து குறி. 'க' என்பதற்கு ஒரு குறி. 'க்' என்பதற்குப் புள்ளியோடு இரண்டு. இலக்கணத்தார் அரை மாத்திரை அளித்த மெய், ஒரு மாத்திரை பெறும் உயிர்மெய்யினும் இங்கே இருமடங்கு இடம் கொள்கின்றது! இம்முரண் வல்லுநர் அவையில் எவர்க்கும் உறுத்தியிராது.

பின்னர், 3ஜிபிபியின் 9-ஆம் வெளியீட்டில் பிற இந்திய மொழிகளோடு தமிழும் 7 பிட் அட்டவணை பெற்றது. அதன்வழி, முகப்புக் குறிப்புக்குரிய இடம் போக 155 குறிகள் ஒரு செய்தியில் அடங்கும். ஆயினும் அனுப்புவோர், பெறுவோர் ஆகிய இருவர் கருவியும் அவ்வட்டவணையை அறிந்திருந்தாலன்றி அஃது ஏட்டளவினதே. அதனைக் கருவியில் அமைப்பதோ செய்வோர் விருப்பத்தைப் பொறுத்தது.