மறையும்போது அளவு சொல்லும் விண்மீன்கள்



மாசி மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில் அண்ணாந்து பார்த்தால், உச்சி வானுக்குச் சற்று வடக்கே இரண்டு விண்மீன்கள் அருகருகே ஒளிர்வதைக் காணலாம். நம் முன்னோர் புனர்பூசம் என்று அழைத்தவை இவை. மேலை நாட்டார் காஸ்டர், போலக்ஸ் என்பர். இரண்டில் ஒளி சற்றுக் குறைந்தது காஸ்டர். நம் கண்ணுக்கு ஒரே புள்ளியாகத் தெரியும் இந்தக் காஸ்டர், உண்மையில் ஆறு விண்மீன்கள் சேர்ந்த ஒரு குடும்பம். ஏறத்தாழ 50 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அக்குடும்பத்தின் ஓரத்தில், மங்கலான இரு செந்நிற விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. தொலைநோக்கி இன்றி அவற்றைக் காண இயலாது. வானியலார் இந்த இணைக்கு 'ஒய்ஒய் ஜெமினோரம்' என்று பெயரிட்டுள்ளனர்.

இவை ஒவ்வொன்றும் சூரியனின் நிறையில் 60 விழுக்காடும், சூரியனின் விட்டத்தில் 62 விழுக்காடும் கொண்டவை என்று வானியலார் கூறுகின்றனர். அங்கே தராசும் இல்லை, அளவுகோலும் இல்லை. பின் எப்படி இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது?

இதற்கு உதவுவது கிரகணமே. நிலவு சூரியனை மறைப்பதுபோல, சில இரட்டை விண்மீன்கள் நம் பார்வைக் கோட்டில் ஒன்றையொன்று மாறி மாறி மறைக்கின்றன. அப்போதெல்லாம் அவற்றின் ஒளி மங்கி, மீண்டும் பழைய நிலைக்கு வருகிறது. இங்கிலாந்தில் ஜான் குட்ரிக் என்ற இளைஞர் 1782-ஆம் ஆண்டு அல்கால் என்னும் விண்மீன் ஒழுங்காக மங்குவதைக் கவனித்தார். காது கேளாத அவருக்கு அப்போது வயது 18. வேறொரு பொருள் அதை மறைப்பதே காரணமாக இருக்கலாம் என்று மறு ஆண்டே அவர் எழுதினார். 1889-இல் ஜெர்மானிய வானியலார் ஹெர்மன் ஃபோகல், ஒளியைப் பகுத்துப் பார்த்து அதை உறுதி செய்தார்.

ஒளியைப் பகுத்து ஆராயும் இக்கலையை விண்மீன்களுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர், உரோமையில் பணியாற்றிய இயேசு சபைக் குரு ஆஞ்செலோ செக்கி. 1860-களில் அவர் விண்மீன்களை அவற்றின் நிறமாலையைக் கொண்டு வகைப்படுத்தினார். அதே நிறமாலை விண்மீனின் வேகத்தையும் காட்டித் தருகிறது. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், விலகிச் செல்லும்போது தணிந்தும் கேட்கிறது அல்லவா? அதுபோலவே, நெருங்கி வரும் விண்மீனின் ஒளி சற்று நீலப் பக்கமும், விலகிச் செல்வதன் ஒளி சற்றுச் சிவப்புப் பக்கமும் நகர்கிறது. எவ்வளவு நகர்கிறது என்பதிலிருந்து வேகம் தெரிந்துவிடும்.

இனி நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். ஒய்ஒய் ஜெமினோரத்தின் இரு விண்மீன்களும் வினாடிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. இரண்டின் வேகமும் ஏறக்குறைய சமமாக இருப்பதால் நிறையும் ஏறக்குறைய சமம். ஒரு சுற்றுக்கு 19½ மணி நேரம் ஆகிறது. வேகத்தையும் காலத்தையும் கொண்டு பார்த்தால், இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 27 லட்சம் கிலோமீட்டர். இந்தத் தூரத்தையும் காலத்தையும் கெப்ளரின் விதியில் இட்டால், இரண்டின் மொத்த நிறை சூரியனைப் போல் 1.2 மடங்கு என்று வருகிறது. அதில் பாதி 0.6.

அடுத்து விட்டம். ஒன்று மற்றொன்றை மறைக்கத் தொடங்கி முழுவதும் விலக ஏறத்தாழ 2 மணி நேரம், அதாவது 7,200 வினாடி ஆகிறது. ஒன்றுக்கொன்று அவற்றின் வேகம் 240 கிலோமீட்டர். பெருக்கினால் 17 லட்சத்து 28 ஆயிரம் கிலோமீட்டர். அது இரு விட்டங்களின் கூடுதல். பாதி 8 லட்சத்து 64 ஆயிரம். சூரியனின் விட்டமோ சுமார் 13 லட்சத்து 92 ஆயிரம். ஆக, 62 விழுக்காடு! ஒளி மங்கிய நேரமே இங்கு அளவுகோலாகிவிட்டது.

இதில் ஒரு சிக்கலும் எழுந்தது. இவ்வளவு நிறையுள்ள விண்மீன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கோட்பாடும் ஒரு விடை தருகிறது. ஆனால் அளந்து பார்த்தபோது, இத்தகைய சிறு விண்மீன்கள் பலவும் கோட்பாடு சொன்னதைவிடப் பெரிதாக இருந்தன. பொதுவாக 5 முதல் 10 விழுக்காடு வரை இவ்வேறுபாடு காணப்படுகிறது. வெப்பமோ எதிர்பார்த்ததைவிடக் குறைவு. சூரியனின் நிறையில் கால் பங்கும் இல்லாத 'சிஎம் டிராகோனிஸ்' என்ற இணையிலும் இதே நிலைதான்.

காரணம் என்ன? நெருங்கிச் சுற்றும் இவ்விண்மீன்கள் தம்மைத் தாமே மிக வேகமாகச் சுழல்கின்றன. அதனால் வலிமையான காந்தப்புலம் உண்டாகி, உள்ளிருந்து வெப்பம் மேலெழுவதைத் தடுக்கிறது. மேற்பரப்பில் கரும்புள்ளிகளும் பெருகுகின்றன. வெளியேற வழி குறைந்த வெப்பம் விண்மீனை விரியச் செய்கிறது என்பது பலரின் விளக்கம். ஆயினும் இது மட்டுமே போதுமா என்ற விவாதம் முடியவில்லை.

ஐந்து, பத்து விழுக்காட்டில் என்ன வந்துவிட்டது என்று நாம் எண்ணலாம். சூரியனுக்கு அண்மையிலுள்ள விண்மீன்களில் பெரும்பான்மை இத்தகைய சிறு விண்மீன்களே. அவற்றைச் சுற்றும் கோள்களைத்தான் இன்று ஆர்வத்தோடு தேடுகிறார்கள். தன் விண்மீனின் குறுக்கே கடக்கும் கோள் எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதைக் கொண்டே அதன் அளவு கணக்கிடப்படுகிறது. விண்மீனின் விட்டத்தை 10 விழுக்காடு குறைத்து மதிப்பிட்டால், கோளின் விட்டமும் அவ்வாறே குறைந்துவிடும். சரியான விட்டத்தை இட்டதும் கோளின் அடர்த்தி கால் பங்கு இறங்கிவிடும். பாறைக் கோள் என்று நாம் நம்பியது, நீரோ வளியோ மிகுந்த வேறொரு கோளாகிவிடலாம். வீட்டின் அளவைத் தவறாகக் கொண்டால், உள்ளே இருப்பவரைப் பற்றிய கணிப்பும் தவறாகத்தானே முடியும்?

அளவும் கோட்பாடும் முரண்பட்டபோது வானியலார் அளவை மறைக்கவில்லை. மீண்டும் மீண்டும் அளந்து, பின்னர் கோட்பாட்டைத் திருத்த முனைந்தனர். நாம் உறுதியாக நம்பும் கணக்குகளையும் இப்படிச் சோதித்துப் பார்க்கும் துணிவு நமக்கும் வேண்டும். அடுத்த முறை புனர்பூசத்தைப் பார்க்கும்போது இதை நினைவுகூர்வோம்.