குடல் நுண்ணுயிரிகளின் பெயரால் தரப்படும் உத்தரவாதங்கள்

மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து வாரக்கணக்கில் போனாலும் நம்மில் பலர் அதை மூலம் என்றோ உடல் சூடு என்றோ நினைத்துக்கொண்டு நாளைக் கடத்துகிறோம். கொலோனோஸ்கோபி செய்து, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த பிறகே அது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றோ குரோன்ஸ் நோய் என்றோ தெரியவருகிறது. மருத்துவர்கள் ஐ.பி.டி. என்று சுருக்கிச் சொல்லும் இந்தக் குடல் அழற்சி நோய்கள் பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கி ஆயுள் முழுவதும் கூடவே வருபவை. காலமெல்லாம் மாத்திரையா என்று மனம் தளர்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் ‘நல்ல பாக்டீரியா’ கேப்சூலும், ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் நுண்ணுயிரிப் பரிசோதனையும், குடலைச் சுத்தம் செய்யும் பொடியும் கைப்பேசித் திரையில் வந்து நிற்கின்றன. இவற்றை விற்பவர்கள் சொல்வது முழுப் பொய்யாக இருப்பதில்லை. உண்மையான அறிவியலில் தொடங்கி, அந்த அறிவியல் இன்னும் தராத உத்தரவாதத்தில் முடிக்கிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்த உண்மையைப் பார்ப்போம். இன்டர்லூக்கின்-10 என்ற காப்புப் புரதம் இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிகளுக்குப் பெருங்குடல் அழற்சி தானாகவே வரும். ஆனால் நுண்ணுயிரிகளே இல்லாத சூழலில் வளர்த்தால் அதே எலிகளுக்கு அழற்சி வருவதில்லை என்று 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதர்களிடமும் இதற்குச் சான்று உண்டு. குரோன்ஸ் நோய்க்காகக் குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, இணைத்த இடத்துக்கு மலம் போகாதபடி வயிற்றில் தற்காலிகத் திறப்பு வைத்தபோது அங்கே நோய் திரும்பவில்லை. மலப்பாதையை மறுபடி திறந்ததும் திரும்பியது. பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர்கள் 1991இல் இதைப் பதிவு செய்தார்கள். குடல் சுவரைக் காக்கும் பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தயாரிக்கும் ஃபீகலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி குரோன்ஸ் நோயாளிகளிடம் குறைந்திருப்பதை 2008இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆக, நுண்ணுயிரிகளுக்கு இந்நோயில் பெரும் பங்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை.

அப்படியானால் குறைந்ததை விழுங்கி நிரப்பிவிடலாமே என்று கேட்பது இயல்பு. அது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. அழற்சி கண்ட குடலுக்குள் ஆக்சிஜன் கசிகிறது. ஆக்சிஜன் ஆகாத நன்மை செய்யும் கிருமிகள் மடிய, ஈ.கோலை வகையறா பெருகுகிறது. அதாவது நுண்ணுயிரிகளின் சீர்குலைவு நோய்க்குக் காரணமாகவும் இருக்கிறது, விளைவாகவும் இருக்கிறது. மரபணுவும் நோய் எதிர்ப்பு மண்டலமும் இதில் சேர்ந்துகொள்கின்றன. கடைக் கேப்சூல்களில் இருப்பது பெரும்பாலும் லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகள். நோயாளியிடம் குறைந்திருக்கும் கிருமியோ காற்றுப் பட்டாலே சாகக்கூடியது. அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020இல் சான்றுகளை அலசி, குரோன்ஸ் நோய்க்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கும் ஆய்வுக்கு வெளியே புரோபயாட்டிக் எனப்படும் இந்த ‘நல்ல பாக்டீரியா’க்களைத் தரப் பரிந்துரைக்க இயலாது என்று சொன்னது.

‘கெடுதல் இல்லையே, முயன்று பார்ப்பதில் என்ன நஷ்டம்?’ என்பது அடுத்த கேள்வி. கேப்சூலை நம்பி மெசலமினையும் மற்ற மருந்துகளையும் நிறுத்துவதுதான் பெரிய நஷ்டம். கட்டுக்குள் இருந்த நோய் சீறி எழும். குடலையே அகற்ற வேண்டிய நிலைகூட வரலாம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு, அரிதாக என்றாலும், புரோபயாட்டிக் கிருமியே ரத்தத்தில் கலந்து தொற்றாகியிருக்கிறது. நலமாக இருப்பவரின் மலத்தை நோயாளியின் குடலுக்குள் செலுத்தும் மல மாற்றுச் சிகிச்சையிலும் இதே கவனம் வேண்டும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளிடம் மல மாற்றையும் உணவு முறையையும் சேர்த்துச் சோதித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில் 60 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 32 சதவீதம். மகிழத்தக்க முடிவுதான். ஆனால் அது கொடையாளிகளைச் சோதித்து, மருத்துவமனைக்குள் நடந்தது. அமெரிக்காவில் 2019இல், சரியாகச் சோதிக்கப்படாத கொடையாளியின் மலத்திலிருந்து மருந்துக்கு அடங்காத ஈ.கோலை தொற்றி ஒருவர் உயிரிழந்தார். யூடியூப் பார்த்து வீட்டில் செய்யும் காரியமல்ல இது.

நம் பழைய சோற்றையும் இங்கே பேச வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி அதைக் குடல் அழற்சி நோயாளிகளுக்காக ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. பாட்டி காலத்து உணவை அளந்து, ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த முயற்சி பாராட்டுக்குரியது. அதைக் காட்டி ‘மருந்தே வேண்டாம்’ என்று காணொளி போடுபவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. குடல் நுண்ணுயிரிகளைக் குலைக்கும் இன்னொன்று: ஜுரத்துக்கும் சளிக்கும் மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக். பலமுறை அதை எடுத்தவர்களிடம் குடல் அழற்சி நோய் கூடுதலாகக் காணப்படுவதை 2023இல் டென்மார்க் ஆய்வு காட்டியது. மருந்து விதிகளில் 2014 முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணைப்படி, அதிலுள்ள ஆன்டிபயாட்டிக்குகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும்.

சட்டம் நோயாளியைக் கைவிட்டுவிடவில்லை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், தன் அட்டவணையிலுள்ள நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. இரைப்பை, குடல் புண்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உணவுத் துணைப்பொருளாக விற்கப்படும் புரோபயாட்டிக் டப்பாவில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகம் இருந்தாக வேண்டும். அதை அச்சிட்டுவிட்டு, கொலைட்டிஸ் குணமாகும் என்று விளம்பரம் செய்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பணம் இழந்தவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. பில், டப்பா, விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். மருத்துவமனையிலும் உங்களுக்கு உரிமை உண்டு: சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதை யாரும் தடுக்க முடியாது. கேப்சூலோ பொடியோ வாங்கியிருந்தால் அதை மறைக்காமல் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.