பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தால்

காரின் டேஷ்போர்டில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறியும் இருபுறமும் வளைகோடுகளுமாகச் சிவப்பில் எரிவது பிரேக் எச்சரிக்கை விளக்கு. சாவியைத் திருப்பியதும் அது எரியும்; ஹேண்ட் பிரேக்கை இறக்கியிருந்தால் சில விநாடிகளில் அணைந்துவிடும். விளக்கு உயிரோடு இருக்கிறதா என்று வண்டி தானே பார்த்துக்கொள்ளும் சோதனை அது. அந்த நேரத்தில் எரியாத விளக்கை உடனே சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் பின்னால் ஆபத்து வரும்போதும் அது எரியப்போவதில்லை.

பெரும்பாலான கார்களில் இந்த ஒரே விளக்குக்கு இரண்டு வேலை. ஹேண்ட் பிரேக் போட்டிருப்பதையும் பிரேக் ஆயில் குறைந்திருப்பதையும் அதுவே சொல்கிறது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது ஹேண்ட் பிரேக் லீவரை. அரைகுறையாக இறக்கிய லீவர், அதன் அடியில் உள்ள ஸ்விட்ச்சை அழுத்தாமல் விட்டாலே விளக்கு எரியும். லீவர் முழுதாக இறங்கியும் எரிந்தால், வண்டியை ஓரம்கட்டி பானட்டைத் திறக்க வேண்டும்.

பானட்டுக்குள், டிரைவர் பக்கம், பின்சுவரை ஒட்டி மாஸ்டர் சிலிண்டரின் மேல் வெளிறிய பிளாஸ்டிக் குப்பி ஒன்று இருக்கும். மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இரண்டு கோடுகள். உள்ளே காந்தம் பொருத்திய மிதவை. அதன் கீழே, சிறு கண்ணாடிக் குழலுக்குள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். ஆயில் குறைந்து மிதவை இறங்கினால் காந்தம் தகடுகளை ஒட்டவைக்கும், விளக்கு எரியும். சில வண்டிகளில் இந்த அமைப்பு மூடியிலேயே இருக்கும். ஆயில் கீழ்க்கோட்டை நெருங்கும்போது, சென்னையின் பாடி மேம்பாலத்தில் ஏறி இறங்கும்போதோ வளைவில் திரும்பும்போதோ விளக்கு ஒருகணம் மின்னி மறைவதுண்டு. பலரும் அலட்சியம் செய்யும் முன்னறிவிப்பு இது.

மூடிய அமைப்பில் ஆயில் எப்படிக் குறைகிறது? பாதி நேரம் அது எங்கும் போவதில்லை. டிஸ்க்கை இறுக்கும் பேட் தேயத் தேய, அதை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகர்கிறது; அந்த இடத்தை நிரப்ப ஆயில் குப்பியிலிருந்து இறங்குகிறது. 50 மிமீ விட்டமுள்ள பிஸ்டன், உள், வெளி பேட்கள் இரண்டும் எட்டெட்டு மிமீ தேய்வதற்குள் 16 மிமீ நகரும். ஒரு சக்கரத்துக்குச் சுமார் 30 மில்லி, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் 60 மில்லி. டீக்கடைக் கிளாஸில் பாதிக்கும் மேல். ஆகவே, விளக்கு எரிந்ததும் ஆயிலை ஊற்றி அணைப்பது மோசமான பழக்கம். பேட் தேய்ந்த சேதியை அது மறைத்துவிடும். பிறகு புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் வழிந்து பெயின்டைத் தின்னும்.

மறு பாதி, கசிவு. பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷர் போனால் டயரின் உட்புறம் ஈரமாகும். ஹோஸ் வெடித்திருக்கலாம், மாஸ்டர் சிலிண்டர் ஒழுகலாம். கிளட்சும் ஆயிலில் இயங்கும் பல கார்களில் இரண்டுக்கும் ஒரே குப்பி. கசிவு கிளட்ச் பக்கமும் இருக்கலாம்.

வண்டியை ஓட்டலாமா என்பதைப் பெடல் சொல்லும். ஆயில் அளவு சரியாக இருந்து, பெடல் வழக்கம்போல் கெட்டியாக நின்றால், மெதுவாக அருகிலுள்ள ஒர்க்‌ஷாப் வரை போகலாம். பெடல் தரைவரை இறங்கினாலோ, மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல அமிழ்ந்தாலோ, டோ வண்டியைக் கூப்பிடுவதுதான் சரி. இன்றைய கார்களில் ஆயில் இரு தனி வழிகளில் ஓடுகிறது. முன்சக்கர இயக்கமுள்ள கார்களில் பெரும்பாலும் இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் ஒரு வழி, மற்ற இரண்டும் இன்னொரு வழி. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும், ஆனால் வண்டி நிற்க வெகுதூரம் எடுக்கும். சென்னை பைபாஸில் வேகமாக வரும்போது இது நேர்ந்தால், பெடலை விட்டுவிட்டு அடித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும்.

இந்தப் பாகங்களில் பலவற்றின் பிறப்பிடம் அதே சாலைகளுக்குப் பக்கத்தில்தான். பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா ஆயில் பிரேக் பாகங்களைச் செய்கிறது. அதே ஆண்டு தொடங்கிய சுந்தரம் கிளேட்டன் லாரி, பஸ்களுக்கான காற்று பிரேக்கில் ஒருகாலத்தில் பேர்பெற்றிருந்தது. காற்று பிரேக்கில் ஆயில் கிடையாது. அழுத்தம் குறைந்தால் பஸர் அலறும்.

மஞ்சள் நிறத்தில் எரியும் ஏபிஎஸ் விளக்கு வேறு கதை. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். மஞ்சள் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், சக்கரம் பூட்டாமல் காக்கும் வசதி மட்டும் இருக்காது. சக்கர வேக சென்சாரில் சேறும் நீரும் புகுவது இதற்கு ஒரு வழக்கமான காரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நின்றது போன்ற வெள்ளத்தில் இறங்கிய வண்டிகளை இந்தக் கண்ணோடும் பார்க்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து எரிந்தால், முன்பின் சக்கரங்களுக்கிடையே பிரேக் விசையைப் பங்கிடும் ஏற்பாடும் போயிருக்கக்கூடும். கடும் பிரேக்கில் பின்சக்கரம் பூட்டும்.

விளக்கு சொல்லாத ஒரு கோளாறும் உண்டு: ஆயிலின் வயது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்குரிய குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீத நீர் சேர்ந்தபின் 155 டிகிரி. சூடான பிரேக்கில் அது கொதித்து ஆவியானால், ஆயில் முழு அளவில் இருந்தும் பெடல் காற்றில் மிதிப்பதுபோல் இறங்கும். சென்னையின் ஈரக் காற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றி ஏர் எடுப்பது நல்லது. குப்பியின் மூடியில் குறித்துள்ள வகையையே, சீல் உடைக்காத டப்பாவாக வாங்க வேண்டும். எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ கொஞ்சம் ஊற்றினாலும் ரப்பர் வாஷர்கள் ஊதிப்போகும். பிறகு மாஸ்டர் சிலிண்டர் முதல் வீல் சிலிண்டர் வரை எல்லா வாஷரையும் மாற்ற வேண்டிவரும்.