அருவி நீர் சுடுமா?

மேனிலை வகுப்பில் இயற்பியல் படித்தவர்கள் இந்தக் கணக்கை எங்கேனும் சந்தித்திருப்பீர்கள். 'ஓர் அருவியின் உயரம் 60 மீட்டர். விழும் நீரின் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், அடியில் நீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்ந்திருக்கும்?' தென்காசி மாணவர்களுக்கு அந்த அருவி எது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. குற்றாலம் பேரருவியின் உயரமும் ஏறத்தாழ அவ்வளவே.

நான் இப்போது கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். எம்.எஸ்ஸி. முடித்து வேலைக்குக் காத்திருந்த நாட்களில் டியூஷன்தான் எனக்குச் சோறு போட்டது. தென்காசியில் ஒரு வீட்டு மாடியில் காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம். கணிதமும் அறிவியலும் சொல்லிக் கொடுத்தேன். அப்போது ஒரு பிளஸ் ஒன் மாணவன் இந்தக் கணக்கைப் போட்டு, விடைக்குக் கீழே இரண்டு கோடும் இழுத்துக் கொண்டுவந்து காட்டினான். அவன் கண்ட விடை 140 டிகிரி செல்சியஸ்!

சற்றே எண்ணிப் பாருங்கள். நீர் 100 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அப்படியானால் பேரருவிக்கு அடியில் நிற்பவர் வெந்துபோக வேண்டும். அந்தப் பையனோ முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அதே அருவியில் தலையைக் கொடுத்து, பல் கிட்டிக்க நின்றுவிட்டு வந்தவன். குளித்த உடம்பு அவனுடையதுதான், கணக்குப் போட்ட கையும் அவனுடையதுதான். ஒன்று சொன்னது மற்றொன்றுக்கு எட்டவில்லை.

அவன் தவறியது எங்கே? ஒரு கிலோகிராம் நீர் 60 மீட்டர் இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் 9.8 × 60 = 588 ஜூல். ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். 588ஐ 4,200ஆல் வகுத்தால் 0.14 டிகிரி கிடைக்கும். அவன் மனப்பாடம் செய்திருந்த எண் 4.2. அதுவும் சரியான எண்தான். ஆனால் அது ஒரு கிராம் நீருக்கு உரியது. ஒரே வரியில் கிலோகிராமும் கிராமும் கலந்ததால் விடை ஆயிரம் மடங்காகப் பெருகிவிட்டது.

நான் அதைச் சிவப்பு மையால் அடித்து, 'அலகைக் கவனி' என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன். பையன் விடவில்லை.

"சார், 0.14 சரின்னா, மேல உள்ள தண்ணியவிடக் கீழ உள்ள தண்ணி சூடாத்தான இருக்கணும்? பின்ன ஏன் சார் அருவியில நின்னா நடுங்குது?"

"அது பரீட்சைக்கு வராதுடே. அடுத்த கணக்கைப் போடு" என்றேன்.

அதன் பிறகு அவன் என்னிடம் கேள்வி கேட்டதில்லை. பிளஸ் டூ தேர்வில் இயற்பியலில் நல்ல மதிப்பெண்ணே வாங்கினான். அவனுடைய தந்தை வீடு தேடி வந்து நன்றி சொன்னார். அந்த நன்றி இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அவனுக்குச் சொல்லாத விடையை உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்தக் கேள்வி பெரிய இடத்துக் கேள்வி. வெப்பம் என்பது ஆற்றலின் ஒரு வடிவமே என்று சோதனைகளால் நிலைநாட்டிய ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், 1845ஆம் ஆண்டிலேயே நயாகரா அருவியைக் கணக்கிட்டிருந்தார். 160 அடி விழும் அந்த நீரின் வெப்பநிலை, ஃபாரன்ஹீட் அளவில் ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு உயரும் என்றார். நம் பையனின் கணக்கைப் போலவே நீங்களும் போட்டுப் பாருங்கள், அதே விடை வரும். 1847இல் ஜூல் மணமுடித்துப் புது மனைவியுடன் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் சென்றார். அங்கே அவரைத் தற்செயலாகச் சந்தித்தவர் வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர். ஜூலின் கையில் ஒரு நீண்ட வெப்பமானி இருந்தது என்று தாம்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். (தேனிலவுக்கு வெப்பமானியா என்று வியக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.) சில நாட்கள் கழித்து இருவரும் சலான்ஷ் என்னும் ஊர் அருகே ஓர் அருவியை அளக்க முயன்றார்கள். முடியவில்லை. நீர் விழும்போதே உடைந்து துவாலையாகச் சிதறிவிட்டது.

பையனின் கேள்விக்கு விடை அந்தத் துவாலையில்தான் இருக்கிறது.

நீர் ஆவியாகும்போது, எஞ்சிய நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இதை உள்ளுறை வெப்பம் என்கிறோம். சாதாரண வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் நீர் 60 மீட்டர் விழுந்து பெற்ற வெப்பமோ 588 ஜூல்தான். ஆக, அந்த ஒரு லிட்டரில் கால் கிராம் ஆவியானால் போதும், விழுந்து பெற்ற சூடு முழுவதும் தீர்ந்துவிடும். கால் கிராம் என்றால் ஐந்து சொட்டு! முழு நீராக விழுந்தால் காற்றுப்படும் பரப்புக் குறைவு. துளித் துளியாக உடைந்தால் பரப்பு பன்மடங்கு பெருகும். சாரல் காலத்துக் காற்றும் சேர்ந்து வீசினால் ஐந்து சொட்டுக்குக் கேட்கவா வேண்டும்? விழுவதால் வரும் சூடு உண்மை. அதைவிட மிகுதியாக ஆவி கொண்டுபோவதும் உண்மை. கணக்கில் 'ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால்' என்று ஒரு நிபந்தனை இருந்ததல்லவா? அது சொல்லாமல் விட்ட செய்தி இது.

நடுக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் உடல் 37 டிகிரி, மலையிலிருந்து இறங்கும் நீர் அதைவிடக் குளிர்ச்சி. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அருவியிலோ நொடிக்கு நொடி புதிய நீர் வந்து உடலின் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது.

இத்தனையையும் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

இங்கே ஜூலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் பல்கலைக்கழகப் படி ஏறாதவர். இன்றைய சொல்லில் சொன்னால் அவரும் ஒரு டியூஷன் மாணவர். மதுவடிக்கும் தொழில் செய்த தந்தை 1834இல் ஜூலையும் அவர் அண்ணனையும் மான்செஸ்டர் நகரில் ஒரு முதியவரிடம் பாடம் கேட்க அனுப்பினார். அந்த முதியவர் அணுக் கொள்கையை வகுத்த ஜான் டால்ட்டன்! உலகப் புகழ் பெற்ற பின்னும் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லியே பிழைப்பு நடத்தியவர் அவர். வேதியியல் மேதையாயிற்றே என்று போனால், அவர் முதலில் கற்பித்தவை எண்கணிதமும் வடிவக் கணிதமும். வேதியியல் எல்லாம் பிறகுதான். 1837இல் டால்ட்டனைப் பக்கவாதம் தாக்கவே பாடம் நின்றுபோயிற்று. பாடம் நடந்தது சில ஆண்டுகளே என்றாலும், தாமே ஆராய்ந்து அறிய வேண்டும் என்ற விருப்பம் தமக்கு முதலில் டால்ட்டனிடமிருந்தே வந்தது என்று ஜூல் பின்னாளில் குறிப்பிட்டார். டால்ட்டன் எந்தத் தேர்வுக்கும் அவரைத் தயார் செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள்.

நம் பக்கத்தில் டியூஷன் என்றால் தேர்வுதான். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. மதிப்பெண்ணை நம்பி வாழும் குடும்பங்கள் இவை. ஆனால் வேறு வகையான மாலை வகுப்புகளும் இங்கே நடந்திருக்கின்றன. 2020 ஊரடங்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு கிராமத்துப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். அது வளர்ந்து கலைவாணி கல்வி மையம் ஆயிற்று. 2021இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை கற்பித்தார்கள். திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்து சொல்லும்போது, ஒரு பிள்ளை எங்கே சறுக்குகிறது என்று அருகிருந்து பார்க்க முடிகிறது. அறுபது பேர் உள்ள வகுப்பில் அது கடினம்.

இப்போது என் வீட்டுக்கு மாலையில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் நான்கைந்து பேர் வருகிறார்கள். கட்டணம் கிடையாது, அதனால் அவசரமும் கிடையாது. விடை வந்தவுடன் கோடு இழுக்கக் கூடாது என்பது ஒன்றே சட்டம். 'இது நடக்குமா?' என்று கேட்டுவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

சென்ற சாரலில் அவர்களுக்குப் பேரருவியையே கொடுத்தேன். 60 மீட்டர் தடையில்லாமல் விழும் நீர் அடியை அடையும் வேகம் என்ன? நொடிக்கு 34 மீட்டர் என்று கண்டார்கள். மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல்! "அப்ப தலை தாங்காது சார்" என்றாள் ஒரு சிறுமி. தாங்காதுதான். ஆனால் தாங்குகிறதே? ஒருவன் காற்றின் தடையைச் சொன்னான். அதுவும் உண்டு. மற்றொருவன்தான் 'பொங்குமாகடல்' என்றான். மேலிருந்து வரும் நீர் நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவில் அந்த ஆழமான பாறைக் குடைவில் விழுந்து, வேகம் இழந்து, பொங்கி வழிந்து மீண்டும் இறங்குகிறது. நம்மை அடிப்பது அந்தக் கடைசி இறக்கத்தின் வேகம் மட்டுமே. அப்படியானால் 0.14 டிகிரியும் குறையுமா? குறையாது. மொத்த உயரம் அதேதான். அதில் ஒரு பங்கு வெப்பம் பொங்குமாகடலிலேயே பிறந்துவிடுகிறது, அவ்வளவே. இதை ஒத்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு மாலை முழுவதும் பிடித்தது.

0.14 டிகிரியைச் சாதாரண வெப்பமானியால் காண முடியாது. வீட்டில் செய்து பார்க்க விரும்பினால் நீருக்குப் பதில் ஈயக் குண்டுகளைப் பயன்படுத்துங்கள். மீன் வலையில் கட்டும் குண்டுகளில் சிறியவை போதும். ஒரு மீட்டர் நீளமுள்ள தடித்த அட்டைக் குழாயில் அரைக் கிலோ குண்டுகளைப் போட்டு இரு முனைகளையும் அடையுங்கள். முதலில் குண்டுகளின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குழாயைச் சட்டென்று தலைகீழாகத் திருப்புங்கள். குண்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரு மீட்டர் விழ வேண்டும். இப்படி ஐம்பது முறை செய்தபின் உடனே வெப்பமானியை நுழைத்துப் பாருங்கள். ஒரு கிலோகிராம் ஈயத்தை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 130 ஜூலே போதும். எனவே கணக்குப்படி 3.8 டிகிரி உயர வேண்டும். உங்களுக்கு அவ்வளவு கிடைக்காது. குறைந்த பங்கு எங்கெங்கே போயிருக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஈயம் நச்சு, எழுத உட்காரும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.