கூடைப் பின்னலும் நம்ம விரலும்



"ராத்திரியில உட்கார்ந்தா ரெண்டு நாள்ல ஒரு ஒயர் கூடை முடிச்சிருவேன்" என்று சொல்லி ஆர்டர் வாங்கிவிடுகிறோம். ஆனால் கம்பம், கூடலூர், போடிப் பக்கம் பலருக்கு விடியுமுன்னே ஜீப் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போக வேண்டியிருக்கு. ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கிறது. பகலெல்லாம் குனிந்து பறித்த அதே விரலால்தான், வீடு வந்து சோறு பொங்கி முடித்தபின் ஒயரை இழுத்து முடிச்சை இறுக்குகிறோம். எப்படித் தாங்கும்?

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், ராத்திரி எழுந்து கையை உதறுகிறீர்களா? மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டால் இப்படி ஆகும். சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். தைலம் தேய்த்தே நாளைக் கடத்தாதீங்க. சீக்கிரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால், ராத்திரியில் மணிக்கட்டுப் பட்டை போட்டு, கைக்கு ஓய்வு கொடுத்தாலே பலருக்குக் குறையும். முற்றவிட்டால் பிடிமானம் குறைந்து ஆபரேஷன் வரை போகலாம்.

ஆவணி முதல் தை வரை மலையில் பறிப்பு மும்முரம். அப்போது ஆர்டரைக் குறைங்க. பங்குனி, சித்திரையில் பின்னி வைத்தால், ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது சாப்பாட்டுக் கூடை விற்கும்.

அரை மணிக்கு ஒருதரம் ஒயரைக் கீழே வைத்து விரலை விரித்து மடக்குங்க. மங்கலான லைட்டில் கறுப்பு ஒயர் எடுக்காதீங்க. பெரிய ஆர்டரைக் குழுவாகப் பிரிக்கும்போது ஆளுக்கு ஒரு முழுக் கூடையாகக் கொடுங்க. ஒரே கூடையில் ரெண்டு பேர் முடிச்சுப் போட்டால் இறுக்கம் மாறி, கூடை கோணிப்போகும். கைப்பிடி சுற்றுவதை மட்டும் வீட்டுக்காரரிடம் தரலாம். அவருக்கும் பத்து விரல் இருக்கில்லையா!