கருங்கடலில் போர், கெய்ரோவில் ரொட்டி விலை

எகிப்தியர்கள் ரொட்டியை ‘அய்ஷ்’ என்பார்கள். வாழ்க்கை என்று பொருள் தரும் சொல் அது. (வளைகுடாவின் சில நாடுகளில் அதே சொல் சோற்றைக் குறிக்கும், நம் வீடுகளில் பலருக்கு இது தெரிந்திருக்கும்.) 2011-இல் தஹ்ரீர் சதுக்கத்தில் ஒலித்த முழக்கத்தின் முதல் சொல்லும் ‘அய்ஷ்’தான். 1977-இல் அன்வர் சாதாத் அரசு உணவு மானியத்தைக் குறைத்தபோது நாடெங்கும் கலவரம் வெடித்தது. சில நாள்களிலேயே அரசு பின்வாங்கியது. அதன் பிறகு வந்த ஆட்சியாளர்கள் ரொட்டி விலையில் கைவைக்க அஞ்சினார்கள். 1980-களின் இறுதியில் வைக்கப்பட்ட 5 பியாஸ்தர் விலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது. விலை ஏறாவிட்டாலும் ரொட்டியின் எடை மட்டும் அவ்வப்போது குறைந்துகொண்டே வந்தது.

2024 ஜூன் 1 அன்று அந்த ரொட்டி 20 பியாஸ்தர் ஆனது. ஒரேயடியாக நான்கு மடங்கு. மானிய ரொட்டியை நம்பியிருப்பவர்கள் ஏறத்தாழ 7 கோடிப் பேர். அவர்களில் எவரும் உக்ரைனைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இந்த விலையேற்றத்தின் ஒரு வேர் அங்கேதான் இருக்கிறது.

உலகில் கோதுமையை அதிகம் இறக்குமதி செய்யும் நாடு எகிப்து. ஆண்டுக்குத் தேவைப்படும் சுமார் 2 கோடி டன்னில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. போருக்கு முன் அந்த இறக்குமதியில் ஏறத்தாழ 80 சதவீதம் ரஷ்யா, உக்ரைன் ஆகிய இரு நாடுகளுடையது. காரணம் எளிது: கருங்கடல் துறைமுகங்களிலிருந்து சில நாள்களில் கப்பல் வந்துவிடும், விலையும் குறைவு. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. ஒடெசா துறைமுகம் மூடப்பட்டது. அந்தக் கடலுக்குள் போக இருந்த கப்பல்களுக்குக் காப்பீட்டுக் கட்டணம் பல மடங்கானது. எகிப்து அரசின் கொள்முதல் அமைப்பு அப்போது விட்ட கோதுமை டெண்டர்கள் ரத்தாயின. மார்ச் மாதம் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிடும் விலைக் குறியீடு அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. அடுத்த சில நாள்களில் ரமளான் பிறந்தது.

உலகில் கோதுமை தீர்ந்துவிட்டது என்று அப்போது பலர் நினைத்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. துருக்கியும் ஐ.நா.வும் நடுநின்று 2022 ஜூலை 22 அன்று இஸ்தான்புல்லில் தானிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ஓராண்டில் சுமார் 3.3 கோடி டன் தானியமும் உணவுப் பொருள்களும் அந்த வழியில் வெளியேறின. 2023 ஜூலையில் ரஷ்யா அதிலிருந்து விலகியது. ஆனால் ஒப்பந்தம் உருவான மாதங்களிலேயே உலகச் சந்தையில் கோதுமை விலை போருக்கு முந்தைய நிலைக்கு இறங்கத் தொடங்கிவிட்டது. அப்படியானால் கெய்ரோவிலும் விலை இறங்கியிருக்க வேண்டுமே?

இறங்கவில்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது. கோதுமையை வாங்க எகிப்து டாலர் கொடுக்க வேண்டும். போர் தொடங்கியதும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் எகிப்தின் கடன் பத்திரங்களிலிருந்து பணத்தை அவசர அவசரமாக எடுத்துக்கொண்டு போனார்கள். ரஷ்ய, உக்ரைன் சுற்றுலாப் பயணிகளின் வரவும் படுத்தது. 2022 மார்ச்சில் ஒரு டாலருக்குப் 15.7 பவுண்டாக இருந்த நாணய மதிப்பு, 2023 தொடக்கத்தில் 30-ஐத் தொட்டு, 2024 மார்ச்சில் 50-ஐ நெருங்கியது. டாலரில் கோதுமை மலிவானாலும் பவுண்டில் அது ஏறிக்கொண்டே போனது. பழியை முழுக்கப் போர் மீது போட்டுவிடவும் முடியாது. புதிய தலைநகரம் போன்ற பெருந்திட்டங்களுக்காக வாங்கிய கடன் முன்பே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. ஏற்கெனவே வலுவிழந்த வீட்டைத்தான் போர் அசைத்தது.

டாலர் இல்லாவிட்டால் பண்ணைகளுக்கு என்ன ஆகும் என்பதையும் எகிப்தில் பார்த்தோம். 2022-இல் இறக்குமதியாளர்கள் வங்கியில் ‘எல்.சி.’ திறந்துதான் சரக்கு எடுக்க வேண்டும் என்று அரசு விதித்தது. வங்கிகளிடம் டாலர் இல்லை. கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளமும் சோயாவும் துறைமுகம் வரை வந்து அங்கேயே நின்றன. தீவனம் போட முடியாமல் அக்டோபரில் பண்ணையாளர்கள் கோழிக்குஞ்சுகளைக் கொன்று அப்புறப்படுத்தும் காணொளிகள் பரவின. பிறகு முட்டையும் கோழியும் நடுத்தரக் குடும்பங்களுக்கே எட்டாத பொருளாயின. தீவனம் நாட்டின் கரைக்கு வந்து சேர்ந்திருந்தது. தடைபட்டது பணம் மட்டுமே.

வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு வேதனை உண்டு. மதீனா கடும் பஞ்சத்தில் தவித்தபோது கலீஃபா உமர் (ரலி) அவர்களின் கோரிக்கையை ஏற்று அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) எகிப்திலிருந்துதான் தானியம் அனுப்பினார்கள். யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்னதும் இதே நைல் கரையில்தான். சில ஆண்டுகளுக்கு முன்வரை அதே மண்ணில் ‘ஷூனா’ எனப்படும் திறந்தவெளிக் களங்களில் கோதுமையைக் குவித்துவைத்து, பறவைக்கும் ஈரத்துக்கும் இழந்துகொண்டிருந்தார்கள். அண்மை ஆண்டுகளில் நவீனக் குதிர்களைக் கட்டிச் சேமிப்பைப் பெருக்கியது எகிப்து அரசு செய்த நல்ல காரியம். 2022-இல் நிலைமை இன்னும் மோசமாகாமல் காத்ததில் அதற்குப் பங்குண்டு. லெபனானுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூத் துறைமுக வெடிப்பில் அதன் முதன்மைத் தானியக் குதிர்கள் நொறுங்கின. கோதுமையில் பெரும்பகுதியை உக்ரைனிடம் வாங்கிவந்த அந்த நாடு, போர் தொடங்கியபோது ஒரு மாதக் கையிருப்போடு நின்றது.

யமனின் நிலை இதைவிடக் கடினம். அதன் கோதுமையில் சுமார் 90 சதவீதம் இறக்குமதி. அங்கு உணவு வழங்கும் உலக உணவுத் திட்டமே தன் தானியத்தில் பெரும்பங்கை உக்ரைனில்தான் வாங்கிவந்தது. விலை ஏறினால் அதே நன்கொடையில் குறைவான மூட்டைகளே வாங்க முடியும். நாம் ரமளானில் ஸகாத், ஸதகா என்று அனுப்பும் தொகைக்கும் இதே கணக்குதான். பஞ்சச் செய்தி வந்த பிறகு திரட்டும் பணத்தைவிட, விலை குறைந்திருக்கும் மாதங்களில் முன்கூட்டியே கொடுக்கும் பணம் அதிக வயிறுகளை நிரப்பும். (காஸாவின் பட்டினியை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அங்கே உணவு எல்லைவரை வந்து நின்றது. அது முற்றுகையால் உண்டாக்கப்பட்ட பட்டினி.)

உரம் இன்னொரு வழி. யூரியா தயாரிக்க இயற்கை எரிவாயு வேண்டும்; பொட்டாஷில் உலக வணிகத்தின் ஏறத்தாழ 40 சதவீதம் ரஷ்யா, பெலாரஸ் கையில் இருந்தது. இந்தியா பொட்டாஷ் முழுவதையும் வெளியில்தான் வாங்குகிறது. தஞ்சை விவசாயி 2022-இல் ஒரு மூட்டை பொட்டாஷுக்கு 1,700 ரூபாய் வரை கொடுத்தார். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசிலேயே நின்றதென்றால், மீதியை மத்திய அரசு சுமந்தது. 2022-23-இல் உர மானியம் மட்டும் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். அதே ஆண்டு நம் சமையலறையில் சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியதற்கும் உக்ரைனே காரணம். இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியதும் இரண்டு எண்ணெயும் சேர்ந்து ஏறின. நோன்புக்கு வடை, சமோசா போட்டு விற்ற சிறு வியாபாரிகளுக்கு அது லாபமில்லாத ரமளான்.

2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல்கள் தொடங்கின. காஸாவுக்காக என்று ஹூத்திகள் அறிவித்தார்கள். கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பயணம் பத்து நாள்களுக்கு மேல் நீண்டது. 2024 மார்ச்சில் மூழ்கிய ‘ரூபிமார்’ கப்பலோடு சுமார் 21,000 டன் உரம் கடலுக்குள் போனது. சூயஸ் கால்வாயிலிருந்து 2023-இல் எகிப்துக்குக் கிடைத்த வருமானம் 1,000 கோடி டாலருக்கு மேல். 2024-இல் அது சுமார் 400 கோடி. கோதுமை வாங்க வேண்டிய டாலரில் ஒரு பகுதி இப்படியும் போயிற்று. 2025 ஜூனில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது, இஸ்ரேலிலிருந்து வந்துகொண்டிருந்த எரிவாயு தடைபட்டு எகிப்தின் உர ஆலைகள் சில நாள்கள் நின்றன.

எகிப்து இப்போது உள்நாட்டு விவசாயியின் பக்கம் திரும்பியிருக்கிறது. 150 கிலோ கொண்ட ஒரு ‘அர்தப்’ கோதுமைக்கு அரசு கொடுத்த விலை 2022-இல் 885 பவுண்ட், 2025-இல் 2,200. ஆனால் இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் பவுண்டின் மதிப்பு மூன்றில் ஒன்றாகிவிட்டது. டாலரில் பார்த்தால் 2025-இல் நைல் கரை விவசாயிக்கு முன்பைவிடக் குறைவாகவே கிடைத்தது.